கருடன் படமும் கப்பல் காகிதமும்

கிட்ட வந்து உக்காருங்க கிராணியாரே. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஐயோ, அந்தப் பலகையில வேணாம்! அது வெராந்தாவோட சேர்ந்த பலகை. நீங்க இங்க ஒரு கால மாத்திப் போட்டா அங்க தொரையோட குழாய் ஆடிப்போயிரும். என் சமையக்கட்டு அரிசி மூட்டை இருக்கு, இது மேல உக்காருங்க. சத்தத்தையும் கொறச்சுக்கங்க. தொரை கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டா, இந்த பங்களாவுல கோழி கூட கொக்கரிக்கக் கூடாது.

தெரியுதுங்க, எதுக்கு வந்தீங்கன்னு தெரியுது. நேத்து சாயங்காலம் நீங்க தொரை மேசை மேல வச்சுட்டுப் போன காகிதம். தொரை கையெழுத்துப் போட்டிருப்பாரு, எடுத்துக்கிட்டுப் போகணும். ஒரு மணிக்கு லாரி. நாகமுத்துவையும் அவன் பொஞ்சாதி கோமளாவையும் ஏத்திக் கொண்டுபோய், ஊருக்கே திருப்பி அனுப்புற கப்பல்ல விட்டுட்டா இந்த மாசக் கணக்கு தீந்துச்சு. அதானே?

காகிதமா? இருக்கு, இருக்கு. பத்திரமா இருக்கு. நீங்க போய் எடுக்கலாம்தான். ஆனா போன வாரம், ஆளுகளை வேலை வாங்குற மண்டோர் அப்புசாமி அப்படித்தான் மேசைகிட்ட நடந்து போனாரு. ஒரே ஒரு பலகை கிர்ருனுச்சு. இன்னைக்கு வரைக்கும் மனுசன் வெளிக்காட்டுல ஆளோட ஆளா புல்லு வெட்டிக்கிட்டிருக்காரு. நீங்க கணக்கெழுத வந்த புதுசு. வந்து இருபது நாள் ஆச்சா? பதினெட்டா. அதான் சொல்றேன், அவசரப்படாதீங்க. தொரையே எந்திரிச்சு வருவாரு. அது வரைக்கும் இந்தக் காப்பியக் குடிங்க.

அந்தக் குழாய் என்னான்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. அதைச் சொல்லலைன்னா எனக்கும் வயிறு வெடிச்சிரும்.

அது தூரக்கண்ணாடிங்க. பித்தளை. என் ஒசரம் இருக்கும். மூணு கால்ல நிக்கும். தொரை அதை சீமையிலேருந்து வரவழைச்சதே நிலாவையும் நச்சத்திரத்தையும் பார்க்கத்தான். அப்புறம் ரப்பர் வெலை விழுந்துச்சா, தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோர்ல மெசின் பாதி நாளு ஓடலையா, தொரைக்குக் கையில வேலை கொறஞ்சு போச்சு. ஒரு நாள் அதைக் கீழ திருப்பி ஆத்தோரம் பார்த்திருக்காரு. அந்தா, சன்னல் வழியா தெரியுது பாருங்க, நெட்டையா ஒத்தை மரம். அது உச்சியில கருடன் கூடு கட்டியிருக்கு. ஆமா, நம்ம கருடனேதான், நெஞ்சு வெள்ளை, றெக்கை செம்மண்ணு. அன்னைக்குப் புடிச்சதுங்க கிறுக்கு. அந்தக் கருடனைக் கூட்டோட படம் புடிச்சே ஆகணும்!

அவருகிட்ட படம் புடிக்கிற பொட்டி ஒண்ணு இருக்கு. ஆனா அத்தாம் தூரத்துல இருக்குற பறவை அதுல கொசு மாதிரிதான் விழும். கிட்டப் போனா பறந்துரும். அதனால தொரை என்ன ரோசனை பண்ணினாரு? பொட்டியோட முன்மூக்கைக் கழட்டிட்டு, தூரக்கண்ணாடியில கண்ணு வச்சுப் பார்ப்போம் பாருங்க, அந்த முனையை அந்த ஓட்டையில சேர்த்துட்டா, குழாய் பார்க்குறதை பொட்டி அப்படியே வாங்கிக்கும். ரோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டையும் எதை வச்சுச் சேர்க்கிறது? நடுவுல ஊசிமுனை வெளிச்சம் பூந்தாலும் படம் பாழ்.

அப்பத்தான் நாகமுத்துவைக் கூப்பிட்டாரு. ஸ்டோர்ல மெசின் பார்க்குறவன், ஈயம் பத்த வைக்கத் தெரிஞ்சவன். ஆளு யானை மாதிரி, மனசு கன்னுக்குட்டி. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, சுருட்டி, பத்த வச்சு ஒரு குழாய் செஞ்சு கொண்டாந்தான். ஒரு பக்கம் மாட்டினா மறுபக்கம் கழண்டுச்சு. மறுபக்கம் மாட்டினா கடகடன்னு ஆடுச்சு. தொரை மூஞ்சி செவந்து போச்சு. அதோட விட்டிருந்தா அந்த மாசமே அவன் கப்பல்ல போயிருப்பான். மெசினே ஓடலை, மெசின்காரன் எதுக்குன்னு பழைய கிராணி, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர் பேரையும் எழுதி வச்சுட்டாரு.

கோமளாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ராத்திரியெல்லாம் அழுதுட்டு, காலையில பாலுக்கு மரம் வெட்டப் போனவ, வாளியில ரப்பர்ப் பாலைப் பார்த்துக்கிட்டே நின்னாளாம். கைவிரலை அதுல முக்கி எடுத்தா. காயுது. மறுபடி முக்கினா. தோலு மாதிரி வருது. உரிச்சா அப்படியே விரல் உறை!

அன்னைக்கு சாயங்காலம் ஒரு மூங்கில் துண்டைத் தேய்ச்சு வழவழப்பாக்கி, பால்ல முக்கி முக்கிக் காய வச்சா. ஒம்பது தடவை. அதைக் கொண்டுபோய் புகை வீட்டுல ரப்பர் சீட்டோட சீட்டா ரெண்டு நாள் தொங்க விட்டா. எடுத்து உரிச்சா, பாருங்க, எருமைத்தோலு நெறத்துல ஒரு குழாய். இழுத்தா வருது, விட்டா கவ்வுது. ஒரு முனை பித்தளையைக் கவ்விச்சு, மறுமுனை பொட்டியைக் கவ்விச்சு. வெளிச்சமாவது, பூறதாவது! தொரை அதை மோந்து பார்த்து மோந்து பார்த்து சிரிக்கிறாரு. பங்களா முழுக்கப் புகை வீட்டு வாசனை.

அவ செஞ்சதுன்னு தொரைக்குச் சொன்னாளா? எங்க சொன்னா. நாகமுத்து செஞ்சான்னு சொல்ல வச்சா. கப்பல்ல போகாம நிக்க வேண்டியது அவன்தானே. அவன் நின்னா இவளும் நிப்பா.

ஏன் அவ்வளவு பயப்படுறாளா? என்ன கிராணியாரே இப்படிக் கேட்டுட்டீங்க. அவ பொறந்ததே இந்தத் தோட்டத்துல. ஆத்தாளும் அப்பனும் இந்த மண்ணுலதான் கெடக்குறாங்க. கடல் தாண்டி அந்த ஊருக்குப் போயி எந்த வீட்டு வாசல்ல நின்னு நான் இன்னார் மகள்னு சொல்லுவா? மலாக்கா ஆத்துல சம்பான் படகுல ஏறினதுக்கே கொடலு வெளிய வர்ற மாதிரி கக்கினவ. அதோட, கல்யாணமாகி அஞ்சு வருசம் கழிச்சு இப்பத்தான் வயித்துல ஒண்ணு தங்கியிருக்கு. ஏழாம் மாசம். நம்ம மருந்து வீட்டு டிரசர் சொல்லியிருக்காரு, எட்டு மாசம் ஆயிருச்சுன்னா கப்பல் டாக்டர் ஏத்த மாட்டாருன்னு. அவ எண்ணுறதெல்லாம் அந்த எட்டைத்தான். தெனமும் என்கிட்ட வந்து விரல மடக்கிக் காட்டுவா, இன்னும் இத்தனை நாளு பெரியம்மான்னு.

சரி, படத்துக்கு வர்றேன். குழாய் மாட்டியாச்சு. பொட்டி ஆடாம ரெண்டு கையால தாங்கிப் புடிக்க நாகமுத்து. பொட்டிப் பக்கத்து மூடியத் தொறந்து மூணு எண்ணி மூடுறது தொரை. நான் இந்தக் கதவிடுக்குல நிக்கிறேன். வருது பாருங்க கருடன், வட்டம் போட்டு, எறங்கி, கூட்டு மேல உக்காந்துச்சு. தொரை மூடியத் தொறந்தாரு. ஒண்ணு...

நாகமுத்து கிருஷ்ணா கிருஷ்ணான்னு ரெண்டு கையும் எடுத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டான்!

சிரிக்காதீங்க! சத்தம், சத்தம்! நீங்க மட்டும் என்ன, கருடனைப் பார்த்தா கும்பிட மாட்டீங்களா? பொறந்ததுலேருந்து வந்த பழக்கம், கை தானா போயிருதுங்க. பொட்டி தொபுக்குன்னு சாஞ்சுருச்சு. படம் விழுற கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தா, வானத்துல ஒரு கோடு. அவ்வளவுதான். தொரை குதிச்ச குதியில வெராந்தாவுல இருந்த பூச்சட்டி உருண்டுருச்சு. கும்பிடாதேன்னா கும்பிடாதே! அவருக்குத்தான் நம்ம பேச்சு நல்லா வருமே. நாகமுத்து அழுவுறான், தொரை, நான் கும்பிடலைங்க, கைதான் கும்பிட்டுச்சுங்க.

மறுநாளு தொரை பழைய கிராணிகிட்ட சொன்னாரு, படம் வர்ற வரைக்கும் இவன் போகக்கூடாது, அந்தக் குழாயை மாட்ட இவனை விட்டா ஆளு இல்ல, பேரை அடின்னு. அடிச்சாங்க. அந்த மாசம் கப்பல் இவங்க இல்லாம போச்சு.

கோமளாவுக்கு அப்பத்தான் வெளங்கிச்சு. படம் வராத வரைக்கும் கப்பல் இல்ல!

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் யாரு செஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்றேன். தொரையே ரோசனை பண்ணி, நாகமுத்துவோட ஒரு கையை நாற்காலியில கட்டச் சொன்னாரு. அந்தக் கை கும்பிடாம இருந்தா போதும், இன்னொரு கையால பொட்டியைப் புடிச்சுக்கலாம்னு. கட்டினது கோமளா. எந்த நாற்காலியில கட்டினா தெரியுமா? பெரிய தேக்கு நாற்காலி அங்கேயே கெடக்கு. அதை விட்டுட்டு, காத்தடிச்சா பறக்குற பிரம்பு நாற்காலியில கட்டினா. கருடன் வந்துச்சு. நாகமுத்து கும்பிட்டான். கையோட நாற்காலியும் தலைக்கு மேல போச்சு! எறங்கி வந்தது தொரை முதுகுல. கறுப்புத் துணிக்குள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அதைப் பொம்பளை வாயால சொல்லக்கூடாது.

அடுத்தது பெத்தம்மா கிழவி சமாச்சாரம். உங்களுக்குத் தெரியும்ல, கடைசி லயத்துல, சாமி வந்து ஆடுமே அந்தக் கிழவி. கோமளா நாலு பொம்பளைகளோட அதையும் கூட்டிக்கிட்டு வந்து, தொரை, எங்களுக்கும் ஒரு தடவை கருடனைக் காட்டுங்கன்னா. தொரைக்கு ஒரே பெருமை. பொட்டியைக் கழட்டிட்டு, வாங்க வாங்கன்னு குழாயைக் காட்டினாரு. கிழவி கண்ண வச்சுச்சு. வச்ச மாதிரியே அலறுச்சு.

ஏன்னா அந்தக் குழாயில எல்லாம் தலைகீழாத்தாங்க தெரியும்! நானும் பார்த்திருக்கேன். மரம் வானத்துலேருந்து மொளைச்சுத் தொங்கும், கருடன் வவ்வாலாட்டம் கால மேல வச்சு உக்காந்திருக்கும். கிழவி என்ன சொல்லுச்சு? பெருமாளு வாகனத்தைத் தொரை தலைகீழாக் கட்டிப் போட்டிருக்காரு, இனி இந்தத் தோட்டத்துல பாலு சுரக்காதுடின்னுச்சு. மறுநாளு காலையில ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புற பெரட்டுல ஒரு ஆளு கத்திய எடுக்கலை. தொரையே வந்து நின்னு பேசினாரு. இது நச்சத்திரம் பார்க்குற கண்ணாடி, வானத்துல மேலு கீழு எல்லாம் ஒண்ணுதான், அதனால செஞ்சவன் அப்படியே விட்டுட்டான்னாரு. யாரு கேட்டா? வானத்துல மேலு கீழு ஒண்ணுன்னா அப்ப சாமி எங்க இருக்குன்னு கேட்டுச்சு கிழவி.

கோமளாதான் அடக்கமா முன்னால வந்தா. தொரை, குழாய்க்கு ஒரு பூசை போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்.

போட்டாங்க பாருங்க ஒரு பூசை! வெராந்தாவுல வாழைத்தாரு, தேங்கா, பொரி, சாம்பிராணி. நாகமுத்துதான் தீவாராதனை காட்டினான். தொரை தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஆயுத பூசைக்கு மெசினுக்கெல்லாம் பொட்டு வப்போம் இல்லையா, அந்த மாதிரி கிழவி சந்தனத்தைக் கொழச்சுக் குங்குமத்தை எடுத்துச்சு. எங்க வப்பேன்னுச்சு. கோமளா கிழவி கையைப் புடிச்சு, நெத்தியிலதான் வைக்கணும் ஆத்தான்னா. குழாய்க்கு நெத்தி எது? வெராந்தாவுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கே அந்த முனைதான். அங்கதானே பெரிய கண்ணாடி இருக்கு! அதுல நடு மையத்துல, அப்பம் மாதிரி, சந்தனம். அது மேல குங்குமம்.

தொரை பின்பக்கத்துல நின்னே பார்க்குறவரு, அவருக்கு எங்க தெரியும். ஒரு வாரம்! ஒரு வாரம் தட்டைக் கழுவுறாரு, எல்லாத்துலயும் மேகம். சின்னக் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறாரு, பொட்டியைத் தொடைக்கிறாரு, தன் மூக்குக்கண்ணாடியைத் தொடைக்கிறாரு. மழை மாசம் சீக்கிரம் வந்துருச்சுங்கிறாரு. நான் தெனமும் காப்பி கொண்டுபோயி வச்சுட்டு ஓடியாந்து இந்த மூட்டையில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டுச் சிரிப்பேன். கடைசியில ஒரு காக்கா அந்த முனையில உக்காந்து சந்தனத்தைக் கொத்தினப்பத்தான் தொரை எட்டிப் பார்த்தாரு. கிழவிய ஒண்ணும் சொல்ல முடியலை. சொன்னா பெரட்டு நிக்கும்.

ஆமாங்க, அப்பத்தான் அவருக்குப் பொறுமை போச்சு. அதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க, பேரைத் திரும்பவும் எழுதினீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, எழுதச் சொன்னா எழுதத்தானே வேணும். நாலு நாளைக்கு முன்னால தொரை நாகமுத்துவைக் கூப்பிட்டு நேரா சொல்லிட்டாரு. இந்த வாரத்துக்குள்ள படம் வந்தா சரி, வராட்டியும் சரி, அதோட நான் விட்டுட்டேன். பெரிய ஆபீஸ்ல கேள்வி கேக்குறாங்க, இதுக்கு மேல உன்னை வச்சுக்க முடியாது.

பாருங்க, எப்படி மாட்டிக்கிட்டான்னு. படம் வந்தாலும் கப்பல், வராட்டியும் கப்பல். கோமளா அன்னைக்கு இங்க வந்து உக்காந்தா. நான் சோறு போட்டுக் குடுத்தேன். நல்லாச் சாப்பிட்டா. சாப்பிட்டுட்டு, பெரியம்மா, அந்தக் காகிதத்துல தொரை எப்பக் கையெழுத்துப் போடுவாருன்னு கேட்டா. கிராணி கொண்டாந்து மேசையில வப்பாரு, காலையில காப்பி குடிச்சுட்டுத்தான் போடுவாருன்னேன். ஓஹோன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

இன்னைக்குக் காலையில வெள்ளன வந்துட்டா. கையில தேங்காச் செரட்டை, செரட்டை நெறைய ரப்பர்ப் பாலு. எதுக்குடின்னேன். சும்மா லா பெரியம்மான்னா. தொரை காப்பியக் கையில எடுத்துக்கிட்டு வெராந்தாவுக்கு வந்தாரு, குழாயைப் பார்த்தாரு. ரப்பர்க் குழாய் அடிப்பக்கத்துல மூணு விரக்கடை நீளத்துக்குக் கிழிஞ்சு கெடக்கு! எப்படிக் கிழிஞ்சுச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. மரம் வெட்டுறவ இடுப்புல வெட்டுக்கத்தி இல்லாமலா இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அங்க கூட்டுல குஞ்சு எந்திரிச்சு நிக்குது! இத்தனை நாளு தலையே காட்டாத குஞ்சு. விளிம்புல நின்னுக்கிட்டு றெக்கையை விரிச்சு விரிச்சுப் பார்க்குது. தாயி கால்ல மீனை வச்சுக்கிட்டு ஆத்து மேல வருது. தொரைக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நாகமுத்து எங்க, நாகமுத்து எங்கன்னு கத்துறாரு. அவனை ஸ்டோர்லேருந்து வரவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கா இவ. இன்னைக்குக் கும்பிட்டுட்டான்னா!

தொரை, நான் கட்டுறேன், இந்தக் குழாயைச் செஞ்சதே நான்தான்னா. இன்னைக்குத்தான் அதைச் சொல்லி வாயைத் தொறந்தா. தொரை அப்படியே பார்த்தாரு. கிழிசலைச் சுத்தி கெட்டியா ஒரு காகிதம் வேணும் தொரை, மேல பாலு பூசிட்டா கல்லு மாதிரி புடிச்சுக்கும்னா. காகிதம், காகிதம்னு தொரை தடவுறாரு. நியூஸ்பேப்பர் மெல்லிசு, வெளிச்சம் பூரும். கெட்டியா, நீளமா, மேசை மேல இருந்தது ஒண்ணே ஒண்ணு.

ஐயோ எந்திரிக்காதீங்க, பலகை! உக்காருங்க. காப்பி கொட்டிருச்சு பாருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுங்க, நான் சொல்றேன்ல. அவ எடுக்கலை. விரலை நீட்டிக் காட்டினா, அவ்வளவுதான். எடுத்தது தொரை. எடுத்துப் பார்த்தாரு. படிச்சாரு, ரெண்டே பேருதானே இருக்கு. அவ மூஞ்சியைப் பார்த்தாரு, வயித்தைப் பார்த்தாரு. இவ செரட்டையை ஏந்திக்கிட்டு அசையாம நிக்கிறா. அங்க கருடன் கூப்பிட்டுச்சு. தொரை காகிதத்தை நீட்டி, சீக்கிரம் கட்டு கோமளான்னாரு.

வந்துருச்சுங்க படம்! ஒரு தட்டைக் குளிக்கிற ரூம்புல இருட்டாக்கிக் கழுவிட்டு ஓடியாந்தாரு பாருங்க, சின்னப் புள்ளையாட்டம். றெக்கையில ஒவ்வொரு இறகும் எண்ணலாம். தாயி வாயில மீனு, குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. எனக்குக் காட்டினாரு. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன், அவரு ஒண்ணும் சொல்லலை. குஞ்சு பறந்து போற வரைக்கும் தெனமும் படம் புடிக்கணுமாம், அது வரைக்கும் அந்தக் காகிதக் கட்டுல ஒருத்தரும் கை வைக்கக்கூடாதாம், தொட்டவன் அடுத்த கப்பல்ல போவானாம். அடுத்த கப்பலுக்கு இன்னும் மாசம் ஒண்ணரை கெடக்கு. அதுக்குள்ள இவளுக்கு எட்டும் தாண்டிரும்.

அந்தா தொரை பக்கத்துல மூடியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவதான் கோமளா. நீங்க அவளைப் பார்த்ததில்லையா? பேரை மட்டும்தான் எழுதினீங்களா.

லாரிக்காரன்கிட்ட என்ன சொல்றதா? ஆளு வேலையில இருக்குன்னு சொல்லுங்க. காகிதம் கேட்டான்னா, தொரை குழாயில இருக்கு, உரிச்சு எடுத்துக்கன்னு சொல்லுங்க. ஆனா உரிச்சாலும் ஒண்ணும் தெரியாதுங்க. தொரை எப்பவும் சொல்லுவாரு, குழாய்க்குள்ள கறுப்பா இருந்தாத்தான் படம் நல்லா விழும்னு. அதைக் கேட்டுட்டுத்தான், பாலு பூசுறதுக்கு முன்னால, என்கிட்ட வந்து அடுப்புக்கரி ஒரு துண்டு வாங்கிட்டுப் போயி, நீங்க எழுதின அந்தப் பக்கம் முழுக்க, ஒரு எழுத்து விடாம, நிறுத்தி நெதானமாத் தேய்ச்சுக் கறுப்பாக்கி, உள்பக்கமா வச்சுச் சுத்தினா.